கரடி கடையில் போட்டித்திறன் பயிற்சி

காடென்றால் கடைத்தெரு இல்லாமலா? அப்படி ஒரு காட்டில், ஆற்றங்கரைக் கடைத்தெருவில், பவுனம்மா என்ற கரடி பரோட்டாக் கடை நடத்திவந்தாள். மாவு வீசுவது கோட்டைச்சாமி என்கிற அணில். கல்லாவில் அம்சவேணி என்கிற தேவாங்கு. அவள் முழிக்கிற முழிக்குப் பயந்தே யாரும் காசு கொடுக்காமல் நழுவ மாட்டார்கள். மூன்றாவது ஆள் பவுனம்மாவின் கொழுந்தன் சடையாண்டி. சால்னா ருசி பார்ப்பதுதான் அவன் வேலை. பார்த்து முடித்ததும் மாவு மூட்டைமேல் தூங்கிவிடுவான்.

எதிரே ராசமாணிக்கம் என்ற புலி ஏசி ஹோட்டல் திறந்ததிலிருந்து பவுனம்மா கடையில் ஈயடித்தது. "இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்" என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தபோது, சிறுதொழில் ஆராய்ச்சிக்காக வந்த பேராசிரியர் கொக்கு ஒற்றைக்காலில் நின்று எல்லாவற்றையும் விசாரித்தார்.

"பரோட்டால குறை இல்லம்மா. ஆளுங்களுக்குப் பயிற்சி பத்தலை. அனுப்பி வையுங்க, எங்க செலவுலயே கத்துக் கொடுக்கிறோம். அப்புறம் போட்டியில உங்களை அடிச்சுக்க ஆள் இருக்காது."

கோட்டைச்சாமி போனான். பரோட்டாவைப் பூப்போல உதிர வைக்கக் கற்று வந்தான். கூட்டம் கூடியது. என்னதான் விசேஷம் என்று சாப்பிட வந்த புலி, சுவரில் மாட்டியிருந்த அணிலின் பயிற்சிச் சான்றிதழைப் பார்த்தார். மறுநாளே அணில் ஏசி ஹோட்டலில். கூட்டமும் அங்கேயே. அடுத்து அம்சவேணி பயிற்சிக்குப் போய்வந்தாள். அவளையும் புலி இரட்டைச் சம்பளம் சொல்லிக் கூட்டிப் போய்விட்டார்.

பவுனம்மா கொக்கிடம் ஓடினாள். "சார், கத்துக்கிட்டவங்க எல்லாம் எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க!"

"நல்ல அறிகுறிம்மா. திறமைக்கு மதிப்பு கூடுதுன்னு அர்த்தம்."

"எனக்கு ஆளே இல்லையே சார்?"

"அது அடுத்த ஆராய்ச்சி. இப்ப இன்னொருத்தரை அனுப்புங்க."

மிச்சமிருந்தவன் சடையாண்டி. "அண்ணி, அங்க மதியச் சாப்பாடு உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கினான். வகுப்பை விட்டு ஒருமுறைகூட எழுந்து போகாத ஒரே ஆள் என்று தங்க எழுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

புலி வந்தார். பார்த்தார். "இவரை மேனேஜராப் போட்டுக்கிறேன்" என்றார்.

பவுனம்மாவுக்கு மனசு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தாள். பிறகு, "எங்க வீட்டுப் பிள்ளை, நல்லாப் பார்த்துக்குங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் சடையாண்டி அண்டா சால்னா முழுவதையும் ருசி பார்த்தான். மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஏசிக் காற்றில் படுத்தான். சாப்பிட வந்தவர்களை, "சத்தம் போடாம மெல்லுங்க!" என்று அதட்டினான். தாங்க முடியாமல் அணிலும் தேவாங்கும் ஓடி வந்து, "அக்கா, பழைய சம்பளமே போதும்" என்றார்கள். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

கடைசியில் புலியே வந்து கைகூப்பினார். "அம்மா, உங்க கொழுந்தனைத் திருப்பிக் கூப்பிட்டுக்குங்க."

"ஐயோ, அவ்வளவு படிச்சவரை வேலைக்கு வைக்க நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று சொல்லி, பவுனம்மா அவரை உட்காரவைத்து, இலையில் சூடாக ஒரு பரோட்டாவை வைத்தாள்.

கொக்கின் ஆராய்ச்சியும் அச்சில் வந்தது. பயிற்சியால் சிறு கடைகளின் போட்டித்திறன் கூடுவது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதாம்.

நீதி: வேலை தெரிந்தவருக்கு வேலையைக் கொடுங்கள், தெரியாதவருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தை எதிர்க்கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.