டுமீல் சாரின் சுடாத துப்பாக்கி

உலகத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் மனிதர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எங்கள் இரும்புலியூர் டுமீல் சார்தான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். குக்கர் விசில் அடித்தால் மனிதர் நாற்காலியைவிட்டு அரை அடி எழும்பி உட்காருவார். தீபாவளிக்கு முதல் நாளே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உள் அறைக்குள் போனால், தெரு ஓய்ந்த பிறகுதான் வெளியே வருவார். அதற்குள் நாங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கையும் அதிரசத்தையும் அவர் மனைவி டீச்சரம்மா பாதி காலி செய்திருப்பார்.

அவருடைய உண்மையான பெயர் கேட்டில் பொறித்திருந்தது. யாரும் படித்ததில்லை. கூரியர் கொண்டு வருகிறவர்கூட, "டுமீல் சார் வூடு இதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே பள்ளிக்கரணைக்கு பஸ் ஏறி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்று வாத்துகளையும் நாரைகளையும் பார்ப்பார். அவருடைய தாத்தா அந்தப் பக்கம்தான் வாத்து சுட்டாராம். பேரன் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். "கேட்டா என்ன தப்பு?" என்பார்.

துப்பாக்கி அந்தத் தாத்தா வாங்கியது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் குத்திக் கெட்டித்து, அப்புறம் சுட வேண்டிய அந்தக் காலத்துச் சரக்கு. மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் வாத்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும். டுமீல் சார் கைக்கு வந்த பிறகு அது ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வீட்டில் மருந்து கிடையாது, குண்டு கிடையாது. லைசென்ஸ் மட்டும் கனகச்சிதமாக உண்டு.

சனிக்கிழமை காலையில் அவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால், வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. குழலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், மரக்கட்டைக்குக் கடுகளவு மெழுகு, அவ்வளவுதான். துரு பரவக் கூடாது, பூச்சி அரிக்கக் கூடாது, ஈரம் அண்டக் கூடாது. எங்கள் தெருவில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் சரி, பெட்டிக்குள் 'தின்னாதே' என்று எழுதி ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, ஈரத்தை உறிஞ்சுவதற்கு, அது டுமீல் சாருக்குச் சேர வேண்டியது. இது தெருவின் எழுதாத சட்டம்.

ஒரு தடவை நான் வாய் சும்மா இருக்காமல், "சார், நல்லா பாலிஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடுமே?" என்று கேட்டுவிட்டேன்.

கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்பா, உங்க தாத்தாவுக்கு ஃபேஷியல் பண்ணி காலேஜ்ல சேத்து விடுவியா? வயசானது வயசானதாவே இருக்கட்டும். மேற்கொண்டு கெட்டுப் போகாம பாத்துக்கிட்டா போதும்."

வண்டலூர்ப் பக்கமிருந்து குரங்குகள் படையெடுத்த சமயம், தெருவே திரண்டு போய் அவர் வாசலில் நின்றது. சுட வேண்டாம், சும்மா காட்டி மிரட்டினால் போதும் என்று கெஞ்சினோம். மனசு கேட்காமல் துப்பாக்கியைக் கொண்டுவந்து வராந்தா மேஜையில் கிடத்தினார். ஒரு கிழட்டுக் குரங்கு நிதானமாக இறங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, மெழுகுத் துணியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. டுமீல் சார் கதவுக்குப் பின்னால் இருந்தார்.

வெள்ளம் வந்த வருஷம் அவர் வீட்டில் முதலில் மாடி ஏறியது துப்பாக்கி. இரண்டாவதாக ஏறியவர் டீச்சரம்மா. "என்னையும் ஒரு பெட்ஷீட்ல சுத்தி வச்சிருந்தா மொதல்லயே தூக்கிட்டுப் போயிருப்பாரு" என்று அந்த அம்மாள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

தேர்தல் வந்தால்தான் டுமீல் சாருக்கு உண்மையான வேதனை. லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் தேர்தல் முடியும்வரை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பிள்ளையை ஹாஸ்டலில் விடப் போகிற தகப்பன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கிளம்புவார். துணைக்கு நான் போவேன். ஒரு தடவை ஆட்டோக்காரர் அந்த நீளமான பெட்ஷீட் மூட்டையைப் பார்த்து, "இன்னா சார், வீணையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? பொய் சொல்ல வராத மனிதர்.

"இல்லப்பா. துப்பாக்கி."

ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவில் ஆட்டோ நின்றது. லைசென்ஸை எடுத்துக் காட்டிய பிறகுதான் நகர்ந்தது. அன்றைக்கு அந்த ஆட்டோக்காரர் பேசாமல் மீட்டரைப் போட்டார். தாம்பரம் வட்டாரத்தில் ஆட்டோ மீட்டர் ஓடியதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் இருந்தார். ஆள் மலை மாதிரி, மனசு பஞ்சு மாதிரி. துப்பாக்கியோடு சேர்த்து டுமீல் சார் ஒரு பை நிறைய செருப்புப் பெட்டிப் பொட்டலங்களையும் நீட்டியபோது, "இன்னா சார் இது, துப்பாக்கிக்கு டிபனா?" என்றார். ஆனாலும் வாங்கிப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தார்.

அன்று திரும்பி வரும்போதுதான் சார் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். துப்பாக்கியின் மரக்கட்டையில், கன்னம் வைத்துக் குறி பார்க்கும் இடத்தில், ஒரு பள்ளம் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன், எங்கோ அடிபட்ட காயம் என்று நினைத்திருந்தேன். அது காயம் இல்லையாம். அவருடைய அப்பா தன் கன்னத்துக்குத் தோதாகப் பேனாக்கத்தியால் செதுக்கியதாம். அப்பா காய்ச்சலில் போனபோது இவருக்கு நடை பழகுகிற வயது. வீட்டிலிருந்த ஒரே கல்யாண போட்டோவைக் கரையான் தின்றுவிட்டது.

"அப்பா மூஞ்சி எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "அந்தக் கன்னம் மட்டும்தான் எங்கிட்ட இருக்கு."

எண்ணெயும் மெழுகும் பொட்டலமும் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தடவை உள்ளாட்சித் தேர்தல். ஓட்டு எண்ணி முடிந்து, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க உத்தரவு வருவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. நாங்கள் போனபோது ஸ்டேஷனே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழைக்கன்று, சுவரெல்லாம் புது வெள்ளை, நாற்காலி மேஜைக்கெல்லாம் புது வார்னிஷ். ஏட்டு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்.

குழலில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். அதெல்லாம் டுமீல் சாருக்கு ஒரு பொருட்டே இல்லை. "மரியாதை பண்ணிருக்காங்க" என்று சந்தோஷப்படுகிற ஆள்தான். ஆனால் மரக்கட்டை கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி மினுமினுத்தது.

"பாவம், ரொம்ப பழசா கீதேன்னு பெயிண்டராண்ட சொல்லி வார்னிஷ் அட்ச்சுட்டேன் சார். ஒரு எட்த்துல பள்ளமா இருந்துச்சு. அத்தயும் பட்டி வச்சி நல்லா அட்ச்சாச்சு. தட்வி பாருங்க, தெரியவே தெரியாது!"

டுமீல் சார் தடவிப் பார்த்தார். தெரியவே இல்லை.

எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறிவிட்டது. வாயைத் திறக்கப் போனேன். அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு ஏட்டைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றார். கொடுத்த பொங்கலையும் சுண்டலையும் வாங்கிக்கொண்டார். ஆட்டோவில் ஏறியவர் இரும்புலியூர் வரும்வரை அந்தச் சுண்டல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்ளெயின்ட் குடுக்கலாம் சார்" என்றேன்.

"என்னன்னு குடுக்கறது? அன்பா ஒரு காரியம் பண்ணிட்டாருன்னா?"

அடுத்த சனிக்கிழமை கையுறை வெளியே வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. குக்கர் விசிலுக்குக்கூட மனிதர் அசையவில்லை என்று டீச்சரம்மா வந்து சொன்னபோது எனக்கே பயமாகிவிட்டது. தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டிப் போனேன். தின்னர் ஊற்றித் துடைத்தால் வார்னிஷும் பட்டியும் மொத்தமாக வந்துவிடும் என்றார் அவர். டுமீல் சார் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"பட்டியோட சேந்து அப்பாவோட வேர்வையும் வந்துடுமே."

தச்சர் போன பிறகு ரொம்ப நேரம் யோசித்தார். இரும்பு எதுவும் மரத்தைத் தொடக் கூடாது, கீறிவிடும். பள்ளத்தின் மேலிருக்கும் வார்னிஷ் தோலை உரித்துவிட்டு, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பட்டியை இளக வைத்து, மெல்லிய மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டலாம். குச்சியின் முனை சீக்கிரம் மழுங்கும். அதனால் நிறைய குச்சி வேண்டும். எப்படிப்பட்ட குச்சி? குச்சி ஐஸ் குச்சி!

செய்தி பரவியதும் தெருவே ஐஸ் தின்ன ஆரம்பித்தது. எதிர் வீட்டு பேங்க் மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி. "ஒரு நல்ல காரியத்துக்காக" என்று அவர் தினமும் ஒன்று சாப்பிட, அவர் மனைவி வந்து டுமீல் சாரிடம் மல்லுக்கு நின்றார். கழுவிக் காயவைத்த குச்சிகள் ஒரு பக்கெட் நிறையச் சேர்ந்தன.

நடுவில் டீக்கடையில் ஏட்டைப் பார்த்தேன். மனசு கேட்காமல், அவர் அடைத்த பள்ளம் எது என்பதைச் சொல்லிவிட்டேன். மலை மாதிரி இருந்த மனிதர் கையில் டீயோடு அப்படியே நின்றார். "அய்யய்யோ, ஒரு வார்த்த திட்டலியே சார் அவுரு. சுண்டல் வேற வாங்கினு போனாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை டுமீல் சார் வீட்டு வாசலில் லுங்கியும் டி-சர்ட்டுமாக ஓர் உருவம் நின்றது. கையில் ஒரு பெட்டி குச்சி ஐஸ்.

"சார், நான் வேணா புட்ச்சிக்கிறேன், நீங்க சொரண்டுங்க."

அதற்குப் பிறகு டியூட்டி இல்லாத ஞாயிறெல்லாம் ஏட்டு வந்தார். அத்தனை பெரிய கைகள் துப்பாக்கியை ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, டுமீல் சார் குனிந்து பல் டாக்டர் மாதிரி வேலை பார்த்தார். ஏட்டு முழு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாக டீச்சரம்மா சொல்வார். வாத்துகளிடம் அந்த மாதங்களில் மன்னிப்பு கேட்க ஆளில்லை.

கிறிஸ்துமஸ் ஸ்டாரை வாசலில் கட்டிய சமயம், ஒரு மத்தியானம், கடைசிப் பட்டித் துணுக்கு வந்தது. அடியில் பேனாக்கத்தி போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

டுமீல் சார் கையுறையைக் கழற்றினார். வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்தத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்க்காத மனிதர், மெதுவாகத் தூக்கி, கட்டையில் கன்னத்தைச் சாய்த்தார். பொருந்தவில்லை. இவருடைய உப்பிய கன்னம் பள்ளத்துக்கு வெளியே வழிந்தது. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். அப்போதும் பொருந்தவில்லை.

ஆனால் அவர் சிரித்தார். "ஒல்லிப்பா எங்கப்பா" என்றார். "சின்னப் பையன்பா. என் பேரன் வயசுதான் இருக்கும்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "டுமீல்" என்றார்.

முழங்கால் வலிக்குப் படி ஏற முடியாமல், போன வருஷம் சாரும் டீச்சரம்மாவும் கூடுவாஞ்சேரியில் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். இப்போது என் வீட்டில் தேவைக்கு மேல் செருப்பு சேர்ந்துவிட்டது. இதெல்லாம் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். செருப்புப் பெட்டிப் பொட்டலத்தை டுமீல் சாரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்ப ஒரு சாக்கு வேண்டாமா?