நான் என் கணவராக இருந்தபோது

என் வாழ்க்கையில் ஊரே என்னை மதித்த காலம் ஒன்று உண்டு. அப்போது நான் என் கணவராக இருந்தேன்.

(பதறாதீங்க, சொல்றேன்.)

என் கணவர் கோவிந்தராஜன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். மன்னார்குடியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன அவருடைய சிநேகிதர்கள் எல்லாரும் சேர்ந்து முகநூலில் 'நம்ம ஊர், நம்ம பேச்சு' என்று ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். முதலில் அது சாதுவான குழுவாகத்தான் இருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சா, நாற்று விட்டாச்சா, தெப்பக்குளத்தில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒரு வாய்க்காலைப் போட்டோ எடுத்துப் போட்டால் துபாயில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் தேர்தல் வந்தது. கூடவே அரசியல் வந்தது. அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அசிங்கமும் வந்தது. குழுவின் நிர்வாகி என் கணவர். அவர் பாலைவன வெயிலில் யாரோ ஒருவர் வீட்டு ஏ.சி.யைக் கழற்றி மாட்டிவிட்டு அறைக்குத் திரும்புவதற்குள், குழுவில் யாராவது யாருடைய அம்மாவையாவது இழுத்திருப்பார்கள்.

ஒருநாள் போனில் சொன்னார்: "விஜயா, என்னால முடியல. என் ஐடிக்குள்ள நீயே போய்ப் பாத்துக்க. கெட்ட வார்த்தை வந்தா அழிச்சிடு. அவ்வளவுதான் வேலை."

அவ்வளவுதான் வேலை என்று நானும் நம்பினேன். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். தப்பான விடையை அடித்துப் பழகிய கை. மதியம் சமையல் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் கணவரின் மீசை வைத்த படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊர் ஆண்களைத் திருத்தத் தொடங்கினேன்.

அதில் ஒரு போதை இருந்ததை மறைக்க விரும்பவில்லை. "இத்துடன் இந்த விவாதம் முடிந்தது" என்று ஒரே வரி எழுதுவேன். முடிந்துவிடும்! "சரிங்கண்ணே", "மன்னிச்சிடுங்கண்ணே" என்று வரிசையாக வந்து நிற்பார்கள். ஒருமுறை ஆசைப்பட்டு அதே மாதிரி ஒரு வரியை என் சொந்தப் பெயரில் எழுதிப் பார்த்தேன். "அக்கா, வத்தக்குழம்பு செய்முறை போடுங்களேன்" என்று ஒருவர் பதில் போட்டார். அன்றோடு விஜயாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். கோவிந்தராஜன்தான் எழுதினார். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத என் கணவர், குழுவில் ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற மனிதராக வளர்ந்தார். சிங்கப்பூரில் இருந்த ஒரு தம்பி தன் அம்மாவின் புற்றுநோயைப் பற்றி அவருக்குத் தனியாக எழுதி அழுதான். நானும் அண்ணனாக ஆறுதல் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வியின் விஷயம் வந்தது.

செல்வி எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை பார்த்த பெண். நன்னிலம் பக்கத்துக் கிராமம். காலையில் கடைக்குள் போனால் கடை சாத்தும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்காரக் கூடாது. அந்தக் கொடுமை போதாதென்று மேற்பார்வையாளன் குடோனுக்குள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். புகார் சொன்னாள். அவளைத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஜெசிந்தா டீச்சர் ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஓர் ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்தார். தெப்பக்குளத்திலிருந்து பேருந்து நிலையம் வரை நடப்பது என்று திட்டம். அந்த மேற்பார்வையாளன் மேல் நடவடிக்கை வேண்டும், கடைப் பெண்களுக்கு உட்கார ஒரு முக்காலி வேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள். அறிவிப்பைக் குழுவிலும் போட்டார்.

அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வந்துவிட்டார்கள், குடும்பப் பண்பாட்டுப் பேரவைக்காரர்கள். அதன் தலைவர் சந்திரசேகர், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். நேரில் பார்த்தால் "அண்ணி சௌக்கியமா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிற மனிதர். குழுவில் அவருடைய பேரவைப் பையன்கள் எழுதியதை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியவை: அடங்காத பொம்பளைகள், வெளிநாட்டுக் காசு, மதம் மாற்ற வந்த டீச்சர், ஊர்வலம் வந்தால் முடியை அறுத்து அனுப்புவோம்.

நான் அழித்தேன். மறுபடி எழுதினார்கள். நானும் விடாமல் அழித்தேன். "கருத்துச் சுதந்திரம் எங்கே?" என்றார்கள். திடீரென்று 'மலர்விழி', 'தேன்மொழி' என்று சினிமா நடிகைகளின் படம் வைத்த பெண்கள் முளைத்தார்கள். "நானும் ஒரு பொண்ணுதான், எனக்கு இந்த ஊர்வலம் பிடிக்கல" என்று எழுதினார்கள். தேன்மொழி, தான் புருஷனுக்கு ரசம் கொதிக்கக் கொதிக்க இறக்குகிற பத்தினி என்று பெருமையடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. (ரசத்தைக் கொதிக்க விடுற பொம்பளை தஞ்சாவூர் ஜில்லாவுலயே கிடையாது.) ஆக, அந்தக் குழுவில் ஆணாக நடித்த பெண் நான் ஒருத்தி. பெண்ணாக நடித்தவர்கள் ஒரு கூட்டம், அத்தனை பேருக்கும் மீசை.

இந்த இடத்தில் நான் என் மேதாவித்தனத்தின் உச்சிக்குப் போனேன். ஒரு நல்ல நிர்வாகி நடுநிலையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ரொம்ப யோசித்து எழுதினேன்:

"இரு தரப்பும் கண்ணியம் காக்கவும்."

லைக் குவிந்தது. குவித்தது யாரென்று பார்க்கவில்லை. சற்று நேரத்தில் ஜெசிந்தா டீச்சரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "கோவிந்தராஜன் சார், எங்க தரப்புல எது கண்ணியக் குறைவுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிறோம்."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் புளியைக் கரைக்கப் போனேன்.

ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் என் கணவர் விடுப்பில் வந்தார். அவர் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே சந்திரசேகர் நாலு பேரோடு, கையில் பொன்னாடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க எழுதுற ஒவ்வொரு வரியும் எங்களுக்கு மனப்பாடம். 'கண்ணியம் காக்கவும்'னு ஒரு போடு போட்டீங்க பாருங்க! அதுக்கப்புறம் அந்தப் பொம்பளைங்க வாயே திறக்கல. ஊர்வலத்தன்னிக்கு நாங்க பஸ் ஸ்டாண்டுல எதிர்க்கூட்டம் போடறோம். நீங்கதான் தலைமை."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"பாப்போம்," என்றார் அவர். எங்கள் பக்கத்தில் 'பாப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனால் பொன்னாடை போர்த்தியபின் சொன்னால் அது சம்மதம்.

அவர்கள் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தான் எழுதியதையெல்லாம் முதன்முறையாகப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "இதையும் நான்தான் எழுதினேனா?"

"ஆமாங்க."

"இது சரியில்ல விஜயா. ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்திருக்கான். இதுல ரெண்டு தரப்பு எங்கேருந்து வந்துச்சு?"

கணக்கு டீச்சருக்கு ஏ.சி. மெக்கானிக் இரண்டு வரை எண்ணக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கே சந்திரசேகர் கடைக்குப் போய்த் தன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டும் வந்தார். ஆனால் மறுநாள் பேருந்து நிலைய வாசலில், தென்னை மர உயரத்துக்கு, 'தலைமை: மஸ்கட் கோவிந்தராஜன்' என்று அவருடைய மீசை பிளெக்ஸில் எழுந்து நின்றது.

ஊர்வலத்தன்று நான் குடையை எடுத்துக்கொண்டு டீச்சரின் கூட்டத்தோடு நடந்தேன். குடை வெயிலுக்கு இல்லை, முகத்தை மறைக்க. என் கணவர், "நான் போயி அந்த பிளெக்ஸக் கழட்டச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று முன்னாலேயே போயிருந்தார். பெரிய கூட்டமில்லை. சேலைப் பிரிவுப் பெண்கள் சிலர், சத்துணவு ஆயாக்கள், டீச்சரின் பழைய மாணவிகள். நடுவில் செல்வி, துப்பட்டாவைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

கடைத்தெரு முனை திரும்பும்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. என் கணவர் குரல். குடை கையிலிருந்து நழுவிவிட்டது.

நடந்தது இதுதான். பிளெக்ஸைக் கழற்றச் சொல்லப் போனவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி, மேடையாக நிறுத்தியிருந்த லாரியில் ஏற்றிக் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கையில் மைக்கைத் தொடாத மனிதர்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார். தொண்டையைச் செருமினார். "நான் ஏ.சி. மெக்கானிக்குங்க. எனக்கு அவ்வளவு நல்லா எழுத வராது. குழுவுல எழுதினதெல்லாம் நான் இல்லீங்க. என் பொண்டாட்டி. அவ இப்ப அந்த ஊர்வலத்துலதான் வந்துகிட்டிருக்கா. கொஞ்சம் வழி விட்டீங்கன்னா, அவங்க போயிடுவாங்க. நானும் வீட்டுக்குப் போயிடுவேன்."

ஒரு நிமிஷம் பேருந்து நிலையமே சிரித்தது. டீக்கடைக்காரர் சிரித்தார். கண்டக்டர்கள் விசிலடித்தார்கள். எங்கள் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செல்விகூடச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சந்திரசேகர் சிரிக்கவில்லை. ஊர் முன்னால், தான் மனப்பாடம் செய்தது ஒரு பொம்பளையின் வாக்கியங்களை என்று ஆகிவிட்டது. மைக் இணைப்பைப் பிடுங்கினார்கள். முதலில் ஒரு செருப்பு வந்தது. அப்புறம் சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லி. ஜெசிந்தா டீச்சர் செல்வியின் தலையைத் தன் மடிக்குள் அழுத்திக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தார். சட்டை கிழிந்து, காலரை மட்டும் கழுத்தில் மாட்டியிருந்தார். போலீஸ் வந்ததும் எங்களைப் பார்த்துத்தான் கேட்டது: "ஊர்வலத்துக்கு யாருகிட்ட பர்மிஷன் வாங்கினீங்க?"

டீச்சருக்குத் தையல் போட்டு வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது குழு எரிந்துகொண்டிருந்தது. என் கணவரின் முகநூல் பக்கத்திலிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்து, என் தலையை மட்டும் வெட்டி, வேறொரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கீழே டியூஷனுக்காக நான் கொடுத்திருந்த போன் நம்பர். அழித்தேன். அழிக்க அழிக்க வேறு இடத்தில் முளைத்தது. போன் ஓயாமல் அடித்தது. எடுத்தால் சிரிப்பு, அல்லது மூச்சு, அல்லது விலை கேட்கும் குரல். அம்மாவின் புற்றுநோயைச் சொல்லி அழுத சிங்கப்பூர்த் தம்பியும் எழுதினான். மற்றவர்களைப் போல அவன் அசிங்கமாக எழுதவில்லை. "உங்ககிட்ட போய்ச் சொன்னேனே" என்று மட்டும் எழுதியிருந்தான். என்னை அதிகம் அழ வைத்தது அதுதான்.

துபாயிலிருந்த இன்னொரு நிர்வாகிக்கு, அந்தப் படத்தையாவது எடுக்க உதவுங்கள் என்று எழுதினேன். அவர் பெரிய மனிதர், நியாயஸ்தர். குழுவில் பொதுவாக ஒரு அறிவிப்புப் போட்டார்: "இரு தரப்பும் கண்ணியம் காக்கவும்."

காவல் நிலையத்துக்கும் போனோம். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "முதல்ல ஆள் மாறாட்டம் பண்ணது நீங்கதானேம்மா?" என்றார். என் கணவர், "சார், ஆளே நான்தான். நான் புகார் குடுக்கலையே!" என்றார். (மஸ்கட்டுல இருக்குறப்ப இந்த மனுஷனுக்கு இவ்வளவு வாய் கிடையாது.) புகாரை வாங்கிக்கொள்ளவில்லை.

டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். "பரீட்சை வருதுங்க, வேற இடத்துல சேத்திருக்கோம்" என்றார்கள் பெற்றவர்கள். ஒன்பதாவது படித்த என் மகள் கவிதா ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "அம்மா, அந்தப் படம் நீதானா?" தலை மட்டும் நான் என்று பெற்ற பிள்ளையிடம் விளக்கியிருக்கிறேன். இதைவிடக் கடினமான கணக்கை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

விடுப்பு முடிந்து திரும்பிப் போன என் கணவர், அங்கிருந்து குழுவையே கலைத்துவிட்டார். வாய்க்கால் போட்டோக்களும் அதோடு போயின. செல்வி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மேற்பார்வையாளன் அதே கடையில்தான் இருந்தான். பல வருஷம் கழித்து, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. போய்ப் பார்த்தேன். சேலைப் பிரிவில் முக்காலி இருந்தது. அதன்மேல் மடித்த சேலைகளை அடுக்கியிருந்தார்கள். பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

என் கணவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து வெகுநாளாகிவிட்டது. 'எல்லாம் என் பொண்டாட்டி' என்பது எங்கள் சொந்தபந்தம் முழுக்கப் பழமொழியாகிவிட்டது. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால் யாராவது என் கணவரைப் பார்ப்பார்கள், அவர் கையை விரித்து அதைச் சொல்வார், பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

கவிதாவின் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். சென்னைப் பையன், இந்தக் கதையைக் கேட்டதில்லை. என் கொழுந்தனார் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மைக் பிடிக்கிற மாதிரி டம்ளரைப் பிடித்து அப்படியே நடித்துக் காட்டினார். "கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..." என்றதும் வீடே உருண்டு சிரித்தது. மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுக் கேட்டார்:

"அப்புறம் என்னாச்சு மாமா? வழி விட்டாங்களா?"

சிரிப்பு அப்படியே நின்றது. கொழுந்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். கவிதா தரையைப் பார்த்தாள்.

என் கணவர்தான் எழுந்தார். "இலை போட்டுடலாமா விஜயா?" என்றார்.

போட்டேன்.