ஏழாம் நம்பர் பிளேயர்

நாலு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கும்போது, இஸ்திரிக்காரர் தன் பிளேயரின் ஐந்து பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பார்த்தார். எதுவும் அழிந்த மாதிரி தெரியவில்லை. உள்ளிருந்த பெண்குரல் மட்டும் முன்னைவிடச் சத்தமாக, "வெரி குட்!" என்றது.

"வாயை மூடு தாயே," என்று கெஞ்சினார்.

பெரிய ஹோட்டல்களின் விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. தொழிலாளிகள் இங்கிலீஷ் கற்கட்டும் என்று நிர்வாகம் ஒரு டீச்சரை அமர்த்தி, ஆளுக்கொரு பிளேயரும் கொடுத்திருந்தது. காதில் மாட்டிக்கொண்டோ சத்தமாக வைத்தோ வேலை பார்க்கலாம். உள்ளே ஓர் அம்மாள் கேள்வி கேட்பாள். சிவப்பு விளக்கு மினுக்கும். நாம் பதில் சொன்னதும் "வெரி குட்" என்பாள். சொல்வதெல்லாம் உள்ளே பதிவாகிறது என்பது, யாரும் சொல்லித் தராமலே, முதல் நாளே இஸ்திரிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

நேற்று ஒன்பதாம் பாடம். 'உங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்லுங்கள்.' கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில், பதிலுக்கு இங்கிலீஷ் கைவசம் இல்லாததைப் பொருட்படுத்தாமல், தமிழிலேயே கொட்டித் தீர்த்தார். மேனேஜர் ஒரு கஞ்சப்பிசினாரி, மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர், தலையில் இருப்பது டோப்பா. "வெரி குட்!" என்றாள் அம்மாள்.

இன்று காலை டீச்சர் வந்து, "நாலு மணிக்கு எல்லாரும் பிளேயரைக் குடுத்துடுங்க. மேனேஜர் சாரும் வர்றாரு. முன்கவுன்ட்டருக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு ஆளை எடுக்கப் போறாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முன்கவுன்ட்டர்! நாற்காலி போட்ட வேலை. இருபத்திரண்டு வருஷம் நின்றே முட்டி தேய்ந்தவருக்கு அது சொர்க்கம். இப்போது சொர்க்கம் கிடக்கட்டும், இருக்கிற வேலையே போய்விடும்.

துணி மடிக்கும் மேசையில் மச்சானின் பிளேயர் தனியாகக் கிடந்தது. மச்சான், மனைவியின் தம்பி, டீ குடிக்கப் போயிருந்தான். பிளேயர்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒட்டியிருக்கும் நம்பர்தான் வித்தியாசம். இஸ்திரிக்காரர் அவசரமாகத் தன் ஏழையும் அவனுடைய பதினொன்றையும் உரித்து, மாற்றி ஒட்டினார். தன் வசவுகள் அடங்கிய பிளேயரை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே மச்சான்.

"மாமா, கவுன்ட்டர் வேலைக்கு என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன். நீங்க போங்க."

"ஏண்டா?"

"உங்க முட்டிவலியைச் சொல்லி அக்கா நேத்து அழுதுச்சு. நான் சின்னவன், நின்னுக்கிறேன்." சொல்லிவிட்டுப் பதினொன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டான்.

இஸ்திரிக்காரர் அவசரமாகக் கையை நீட்டினார். இந்தப் பயலையா மாட்டிவிட்டோம்!

"அதைக் குடு, தொடச்சுத் தர்றேன்."

"சுத்தமாத்தானே இருக்கு மாமா?"

"குடுன்னா குடுடா!"

இழுபறியில் பிளேயர் எகிறி, அழுக்கு விரிப்பு வண்டிக்குள் விழுந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சலவைக்காரம்மாவின் காதில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. மொத்தத்தையும் மெஷினில் கொட்டிக் கதவைச் சாத்தினாள். இனி அரை மணி நேரத்துக்கு அது திறக்காது.

கண்ணாடி வழியே பிளேயர் நுரையில் உருண்டது தெரிந்தது. இஸ்திரிக்காரர் அது செத்துப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மெஷின் கதவு திறந்தபோது டீச்சரும் மேனேஜரும் வந்து நின்றார்கள். தலையணை உறையில் சிக்கியிருந்த பிளேயரை மேனேஜரே எடுத்தார்.

"யாரோடது இது?"

"என்னோடது சார். நான்தான் தவறவிட்டேன்," என்றான் மச்சான், மாமாவைப் பார்க்காமல்.

"வேலை செய்யுதான்னு பாருங்க டீச்சர்."

டீச்சர் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு மினுக்கியது. தண்ணீர் குடித்த குரலில் அந்த அம்மாள் ஒன்பதாம் பாடத்தின் கேள்வியைக் கேட்டாள். அடுத்தது பதில்தான்.

"சார்!" இஸ்திரிக்காரர் பாய்ந்து முன்னால் வந்தார். "அது என்னோடது. நம்பரை மாத்தி ஒட்டினது நான். உங்களைக் கஞ்சப்பிசினாரின்னு சொன்னதும் நான்தான். மூளையை வீட்ல வச்சுட்டு வர்றீங்கன்னு சொன்னதும் நான்தான். டோப்பான்னு சொன்னதும்... இவன் ஒரு பாவமும் அறியாதவன் சார்!"

மேனேஜரின் கை தானாகத் தலைக்குப் போனது.

"வெரி குட்!" என்றது பிளேயர்.

டீச்சர் ஒன்றும் புரியாமல் இஸ்திரிக்காரரைப் பார்த்தாள்.

"பேட்டரி மாத்தத்தானே ஐயா பிளேயரைக் கேட்டேன்? இதுல யார் பேசினாலும் பதிவாகாது. நீங்க சும்மா நின்னாக்கூட அந்தம்மா 'வெரி குட்'டுன்னுதான் சொல்லும்."