பச்சை அண்ணாச்சியின் ஜீப்புக்கு ஒரு கலர்

"...அதனால இது பச்சையே இல்ல சாப், கொத்தமல்லிச் சட்னி கலர்!" என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். சொன்னது இந்தியில்தான், கொத்தமல்லிச் சட்னி மட்டும் தமிழில் வந்து விழுந்தது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

புனேயில் சட்டத்தை அண்ணாச்சியைப் போல மதித்தவரும் கிடையாது, சட்டத்துக்கு அவரைப் போலத் தலைவலி கொடுத்தவரும் கிடையாது. ராணுவ வண்டிகளுக்கு முப்பத்து மூன்று வருஷம் பச்சை பெயிண்ட் அடித்தவர். போபோடி சந்தில் எங்களுக்கெல்லாம் பச்சை அண்ணாச்சி. ரிட்டயர் ஆனதும் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை எடுத்தார். கடக்வாஸ்லா தாண்டி மலைச் சேற்றில், மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏற வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

"சேத்துல ஓட்டுறதுக்கு நம்பர் பிளேட்டு எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சேறு வாசல்லயா கெடக்கு? அதுவரைக்கும் ரோடுல்லா!"

இன்ஷூரன்ஸ் எடுத்தார், புகைச் சான்றிதழ் வாங்கினார். மட்கார்டுக்கு வெளியே அரை விரல் நீட்டிய டயர்களைக்கூட மாற்றினார். நம்பர் இல்லாத வண்டி ரோட்டில் உருளக்கூடாதே! ஜீப்பை டெம்போவில் ஏற்றித்தான் ஆர்.டி.ஓ.வுக்குக் கொண்டுபோவார். டெம்போ திரும்பும்போதெல்லாம் மேலே ஜீப்பில் உட்கார்ந்து இவரும் ஸ்டியரிங்கைத் திருப்புவார். கையை நீட்டி சிக்னல் வேறு!

இடித்தது ஒரே ஒரு விதி. ராணுவப் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும். முதல் தடவை மருதாணி இலைக் கலர் என்றார். அடுத்தது கறிவேப்பிலை, அப்புறம் பாகற்காய். பொய் சொல்கிற ஆள் இல்லை; ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலந்துதான் அடித்தார். நீலத்தில் ஆரம்பித்தாலும் கை கொண்டுபோய் அந்தப் பச்சையிலேயே நிறுத்தியது.

"காகா, ஹா தோச் ரங் ஆஹே!" என்றார் இன்ஸ்பெக்டர். அதே கலர்தான் என்கிறார். இன்றைக்கே வேறு கலர் அடிக்க ஆரம்பித்தால் திங்கட்கிழமை பார்க்கலாம்; இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவாராம்.

கூடவே வந்திருந்த மதினி ஜீப் சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார்.

"நீங்க அடிக்கியளா, நான் அடிக்கட்டா?"

"எங்கையால முடியாது. நீயே அடி." அண்ணாச்சி காம்பவுண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மதினி தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல பானட்டில் வட்டமாகத் தேய்த்தார். சத்தம் கேட்டு அண்ணாச்சி லேசாகக் கழுத்தைத் திருப்பினார்.

"ஏட்டி! வட்டமாவா தேய்ப்பாவ? மேலேருந்து கீழ இழு!"

"எனக்கு இப்படித்தான் வரும்." மதினி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு வட்டம் போட்டார். மஞ்சள் ஹெட்லைட் மேல் ஒழுகியது.

"ஐயோ, எம் மானமே போச்சே! கொண்டா இங்க!"

பிரஷ்ஷைப் பிடுங்கினார். பானட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே மூச்சில் இழுத்தார். நடுவில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடும் என்று, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட நிற்காமல், மஞ்சளை இழுத்துக்கொண்டே போனார் எங்கள் அண்ணாச்சி.