துருப்பிடித்த பனிக்கட்டி

துருவக் கடல் ஆய்வு நிலையத்துக்குச் சொந்தமான எந்தப் பொருளும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணப்பட வேண்டும் என்பது விதி. நாற்காலி எண்ணப்படும். நாற்காலியின் உடைந்த கால் தனியாக எண்ணப்படும். அந்த விதியின்படி இருப்புச் சரிபார்ப்பு அதிகாரி, கையில் பதிவேடும் காதிடுக்கில் பேனாவுமாகக் குளிர் அறைக்குள் நுழைந்து, வரிசை எண் பதினேழின் முன் நின்றார். வரிசை எண் பதினேழு ஒரு பனிக்கட்டி.

ஒன்றரை மீட்டர் நீளத்தில் உருளையாக இருந்த அதைத் துருவக் கடலின் ஒரு குடாவில், உறைந்த கடலைத் துளைத்து எடுத்து, மூன்று கப்பல் மாறி, எட்டு மாதத்துக்கு முன் கொண்டு வந்து சேர்த்தவர் ஓர் ஆய்வாளர். நிலையத்தில் எல்லாருக்கும் அவர் ‘ஐஸ் மேடம்’. பேர்தான் அப்படி. இருபது வருட உத்தியோகத்தில் யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத காரணத்தால் இன்னமும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மேடம் இது, அடியில பழுப்பா இருக்கு?” என்றார் அதிகாரி, பல் கிட்டிக்க.

“அதுதான் சார் விஷயமே. அது பாசி. கடல்ல பனிக்கட்டியோட அடிப்பக்கத்துல ஒட்டிக்கிட்டு வாழும். அதைத் தின்னுதான் கூனி இறால் பிழைக்குது. கூனியை மீன் திங்குது, பெங்குவின் திங்குது, அம்மாம்பெரிய திமிங்கிலமும் அதைத்தான் திங்குது. இந்தப் பழுப்பை நம்பித்தான் அந்தக் கடல் முழுக்க அடுப்பெரியுது.”

“எங்க பிரிவுல பழுப்பா இருந்தா துரு.”

“பனிக்கட்டி எப்படி சார் துருப்பிடிக்கும்?”

“அது எனக்குத் தெரியாது. படிவத்துல ‘நல்ல நிலை’, ‘உடைந்தது’, ‘துருப்பிடித்தது’ன்னு மூணு கட்டம்தான் இருக்கு. பாசிக்குக் கட்டம் இல்லை.”

அதிகாரி கெட்டவர் அல்ல. கட்டம் இல்லாத இடத்தில் எழுதிப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். “பனிக்கட்டி, ஒன்று. ஒரு முனை துருப்பிடித்துள்ளது” என்று அழகான கையெழுத்தில் எழுதினார். துருப்பிடித்த பொருள் கழிவுப் பொருள். கழிவுக் குழு கூடி ஒப்புதல் தந்ததும் அது பின்புறத் தகரக் கொட்டகைக்குப் போகும். வெயில் நேரத்தில் அந்தக் கொட்டகையில் பூனைகூடப் படுக்காது.

அந்தக் குடா இந்த ஆண்டு உறையவே இல்லை. செயற்கைக்கோள் படத்தில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. அந்த இடத்துப் பனி என்று உலகத்தில் மிச்சமிருந்தது வரிசை எண் பதினேழு ஒன்றுதான். அதைக் கடல்நீரில் போட்டு நிதானமாகக் கரைத்தால், பனி இல்லாத கடலில் அந்தப் பாசி பிழைக்குமா, கூனிக்குச் சோறு கிடைக்குமா என்று பார்த்துவிடலாம். சும்மா கரைய விட்டால் உப்பின் அளவு சட்டென்று மாறி, பாசி வெடித்துச் செத்துப்போகும்.

இதற்காக ஐஸ் மேடம் இருபது லிட்டர் கடல்நீர் கேட்டு ஏழு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தார். “குறைந்தபட்சம் மூன்று கடல்களின் மாதிரிகளை ஒப்பிட்டு, தகுதியான கடலைத் தேர்வு செய்து, பரிந்துரையுடன் மீண்டும் அனுப்பவும்” என்று பதில் வந்தது. இரண்டு கடல் கிடைத்துவிட்டது. மூன்றாவது கடல் தபாலில் இருந்தது.

பல் டாக்டரான அவர் கணவருக்கு இது மட்டும் விளங்கவே இல்லை. “ஏம்மா, உங்க ஆபீஸ் ஜன்னலைத் திறந்தா கடல்தானே? ஒரு வாளியை எடுத்துட்டுப் போய் மொண்டுட்டு வர வேண்டியதுதானே?” என்று காலையில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே கேட்டார்.

“அது அங்கீகரிக்கப்பட்ட கடல் இல்லைங்க.”

அவர் மனைவியை ஒரு நிமிஷம் பார்த்தார். கூச்சப்படும் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

துரு இல்லை என்று நிரூபித்தால் பனிக்கட்டி தப்பும். நிலையத்தில் பாசியைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் ஐஸ் மேடம் ஒருவர்தான். ஆனால் பொருள் அவர் பொறுப்பில் இருப்பதால் அவர் சொல் செல்லாது. துருவைப் பற்றிச் சான்று தர அதிகாரம் பெற்றவரோ வண்டிப் பிரிவு மெக்கானிக். ஆகவே அவர் வரவழைக்கப்பட்டார்.

மெக்கானிக் இரவல் ஸ்வெட்டரோடு வந்து, ஸ்க்ரூ டிரைவரால் பழுப்பை லேசாகச் சுரண்டி, மோந்து பார்த்தார்.

“துருன்னா இரும்பு வாடை வரும் மேடம். இது கடல் வாடை அடிக்குது. சாமான் உயிரோட இருக்கு.”

“அதை அப்படியே எழுதிக் கொடுங்க அண்ணே!”

“துரு இல்லை. உயிர் உள்ளது” என்று எழுதி, கிரீஸ் கறையோடு கையெழுத்துப் போட்டார். இருபது வருடத்தில் அந்த நிலையத்தில் எழுதப்பட்ட மிகச் சரியான ஆய்வுக் குறிப்பு அதுதான் என்று மேடத்துக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

மதியத்துக்குள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். உயிரின நலக் குழுவுக்கு அவர்தான் தலைவர். வரவேற்பறை மீன் தொட்டியில் இருந்த மீன் செத்துப்போனதிலிருந்து அந்தக் குழுவுக்கு மூன்று வருடமாக வேலையில்லை.

“உயிரோட இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க,” என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. “ஒரு ஜீவனை ஜன்னல் இல்லாத ரூம்ல, மைனஸ் அஞ்சு டிகிரியில அடைச்சு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்தது?”

“சார், அது பொறந்து வளர்ந்த இடமே அப்படித்தான்.”

“பொறந்த இடம் மோசம்னா அப்படியே விட்டுடறதா? அப்புறம் நலக் குழு எதுக்கு?”

உத்தரவு உடனே தட்டச்சானது: மேற்படி உயிரினத்துக்குக் காற்றோட்டம், சூரிய வெளிச்சம், மனித சகவாசம் ஆகியவை தாமதமின்றி அளிக்கப்பட வேண்டும். ‘பனி காப்போம் வாரம்’ மறுநாள் தொடங்க இருந்ததால் மூன்றும் வரவேற்பறையிலேயே கிடைத்தன.

காலை பத்து மணிக்கு வரிசை எண் பதினேழு ஜன்னலோரம், மின்விசிறிக்குக் கீழே, காலியான மீன் தொட்டியில் கிடத்தப்பட்டது. ஊழியர்கள் எல்லாரும் ‘என் பனி என் உயிர்’ என்று அச்சிட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ். பக்கத்தில், ஐஸ் தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்துச் செதுக்கிய பெங்குவின் ஒன்று நின்றது. கூட்டம் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. தொட்டிப் பக்கம் வந்த இரண்டொருவர், “இதைக் கழுவி வெச்சிருக்கக் கூடாதா மேடம்?” என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

பதினொரு மணிக்குத் தொட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர். ஐஸ் மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கடல் அங்கேயே இருந்தது, அங்கீகாரம் இல்லாமல் அலையடித்துக்கொண்டு. துப்புரவு அறையிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“வாளியை வெளியே கொண்டுபோகச் சீட்டு இருக்கா மேடம்?” என்றார் காவலாளி.

இன்னொருத்தராக இருந்தால் காவலாளியைத் தள்ளிவிட்டு ஓடியிருப்பார். ஐஸ் மேடம் திரும்பி, சீட்டு வாங்கப் போனார். சீட்டில் நான்கு கையெழுத்து வேண்டும். இரண்டு பேர் பெங்குவினோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாப்பிடப் போயிருந்தார். நான்காவது கையெழுத்து தன்னுடையதே என்று மூன்றரை மணிக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் தொட்டியில் ஒன்பது லிட்டர் தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் வெடித்துக் காலி ஓடுகளாகக் கிடந்தன. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, மேலே போகிற வருகிற செருப்புச் சத்தத்துக்கு நடுவே, அழுதார்.

நிறைவு விழாவில் இயக்குநர் முழங்கினார்: “உலகம் பூரா பனி கரைஞ்சு வீணாப் போகுது. நம்ம நிலையத்துல கரைஞ்ச பனியில ஒரு சொட்டாவது வீணாச்சா?” அந்த ஒன்பது லிட்டரும் அவர் கையாலேயே ஒரு தொட்டிச் செடிக்கு ஊற்றப்பட்டது. பலத்த கைதட்டல். பழக்கதோஷத்தில் ஐஸ் மேடத்தின் கைகளும் தட்டிவிட்டன.

மறுவாரம், பதினேழு கரைந்துபோன கணக்கை நேர்செய்யச் சரிபார்ப்பு அதிகாரி திரும்ப வந்தார். தொட்டிச் செடிக்கு வரிசை எண் பதினெட்டு. உப்புத் தண்ணீர் குடித்து அதன் இலையெல்லாம் ஓரம் கருகிப் பழுப்பாகியிருந்தது. குருத்து மட்டும் இன்னும் பச்சை.

“இது என்ன மேடம்? உயிரா, துருவா? நீங்களே சொல்லிடுங்க. போன தடவை நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு.”

“துருன்னு எழுதினா என்ன சார் ஆகும்?”

“கழிவுக் குழு கூடுற வரைக்கும் இருந்த இடத்துலயே இருக்கும். யாரும் தொடக் கூடாது.”

“குழு எப்போ கூடும்?”

“அது கூடி ஒன்பது வருஷமாச்சே மேடம். தலைவர் ரிட்டயர் ஆனப்புறம் ஆள் போடலை.” அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். “அந்தப் பனிக்கட்டியைக்கூட நான் எழுதினபடியே விட்டிருந்தா, இந்நேரம் குளிர் அறையில ஜம்முன்னு இருந்திருக்கும். நீங்கதான் அவசரப்பட்டு உண்மையை நிரூபிச்சிட்டீங்க.”

ஐஸ் மேடம் குனிந்து அந்தப் பச்சைக் குருத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“துருதான் சார். எழுதிக்குங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அப்படியே தன் நுண்ணோக்கியையும் அதற்கு அடுத்த வரியில் ‘துருப்பிடித்தது’ என்றே சேர்க்கச் சொன்னார்.