ஒன்பதாம் நிலையத்துப் பால்

ஒரு காட்டில் ஓர் அணுமின் நிலையம் இருந்தது. கடலோரமாக அதைக் கட்டியது சிங்கராஜா. "மின்சாரம் எதற்கு மகாராஜா?" என்று முயல் கேட்டது. "வளர்ச்சிக்கு" என்றது சிங்கம். "வளர்ச்சி எதற்கு?" என்று முயல் மறுபடியும் கேட்டிருக்கும். அதற்குள் சிங்கத்துக்குப் பசி எடுத்துவிட்டது.

நிலையத்து வேலிக்கு வெளியே, கடற்காற்று புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கும் புல்தரையில், கொம்பி என்ற வெள்ளாடு குடியிருந்தது. போன ஈற்றில் அது போட்ட குட்டி நாலாம் மாதம் கழுத்து வீங்கிச் செத்துப்போனது. இந்த ஈற்றில் ஒரே ஒரு பெட்டைக் குட்டி. பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. குட்டி முட்டி முட்டிப் பால் குடிக்கும்போதெல்லாம் கொம்பியின் மனத்தில் ஒரே கேள்விதான் ஓடும்: இந்தப் பாலைக் குடிக்க விடலாமா, கூடாதா? மேய்கிற புல்லின்மேல் என்ன விழுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால், இங்கேயே இருப்பதா, குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதா என்று முடிவெடுத்துவிடலாம்.

"சொல்லுறதுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு" என்றது ஆட்காட்டிக் குருவி. இருபது வருஷமாக நிலையத்துக்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்கும் பறவை அது. அதன்மேல் பதினேழு வழக்குகள் இருந்தன. "சுற்றுச்சூழல் கதிர்வீச்சுக் கண்காணிப்புத் திட்டம்னு பேரு. ஒன்பது இடத்துல நிலையம்னு நம்பர் போட்டு வச்சிருக்கான். அங்கெல்லாம் காத்து, கிணத்துத் தண்ணி, மீனு, மணலு, பாலு எல்லாம் எடுத்துச் சோதிக்கணும். காத்து வீசுற பக்கம் எந்தக் கறவை ரொம்ப நெருக்கத்துல இருக்கோ, அதோட பாலைத்தான் எடுக்கணும்னு விதியிலேயே எழுதியிருக்கான். உன்னைவிட நெருக்கத்துல எவ இருக்கா?"

"எங்கிட்ட யாரும் வரலியே அண்ணே."

"எப்படி வருவான்? நீதான் போகணும். போய்க் கெஞ்சாதே, கேளு."

கொம்பி போனது. கண்காணிப்பு அலுவலகத்தில் நீண்ட வரிசை. முள்ளம்பன்றிக்குப் பின்னால் நிற்க யாருக்கும் துணிவில்லாததால் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. கொம்பி அங்கே நின்றுகொண்டது. மனுவை மூன்று பிரதி கேட்டார்கள். வரிசை நகர்வதற்குள் பசி தாங்காமல் ஒரு பிரதியைத் தின்றுவிட்டதால், திரும்பவும் எழுத வேண்டியதாயிற்று.

அலுவலர் நரி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மனுவைப் படித்தது.

"உன் பேரு கறவைப் பட்டியல்ல இல்லையே."

"இருக்கணுமே ஆபீசரய்யா. நான்தானே வேலியோரம் இருக்கேன்."

"வருசத்துக்கு ஒரு தடவைதான் கணக்கெடுப்பு. வைகாசியில நானே நேர்ல வந்தேன். அன்னிக்கு உன் மடியில பால் இருந்துச்சா?"

"அன்னிக்கு நான் நிறைசினையா இருந்தேன் அய்யா."

"அப்ப கறவை இல்ல. அடுத்த வைகாசி வரைக்கும் நீ கறவை இல்ல."

"இப்ப குட்டி குடிச்சுக்கிட்டு இருக்குதே?"

"அது உனக்கும் உன் குட்டிக்கும் உள்ள விவகாரம். பதிவேட்டுக்கு அதுல சம்பந்தமில்ல. அடுத்து யாரு? ஏய் முள்ளு, தள்ளி நில்லு!"

அடுத்த வாரம் பதில் கடிதம் வந்தது. 'தங்கள் பகுதியில் கறவை விலங்கு ஏதும் இல்லை என்பதால், தங்கள் பாலில் கவலைப்படத்தக்க எதுவும் இல்லை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' கொம்பி அதை இரண்டு தடவை படித்தது. பிறகு தின்றுவிட்டது.

"சோர்ந்துடாதே" என்றது ஆட்காட்டி. "ஆவணியில ஆய்வுக்கு யானை அம்மா வர்றாங்க. லஞ்சத்துக்குக் கை நீட்டுற ஜாதி இல்ல. அவங்க கண்ணுல பட்டா போதும்."

ஆவணியும் வந்தது. யானை வருவதற்கு முந்தின நாள் காற்று உறிஞ்சும் பம்புகளுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்தார்கள். 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு பம்புக்குள் அணில் குடும்பம் இருந்தது. அவசரத்தில் அணில்மீதும் ஒரு ஸ்டிக்கர் விழுந்தது.

யானை உண்மையிலேயே நேர்மையானது. வாசலில் வைத்திருந்த கரும்புக் கட்டைத் தும்பிக்கையால் ஒதுக்கிவிட்டு, நேராக உள்ளே போய்ப் பதிவேடுகளுக்கு முன்னால் உட்கார்ந்தது. அது உள்ளே போகும்போதே கொம்பி குறுக்கே போய் நின்றது.

"அம்மா, என் பாலைக் கொஞ்சம் சோதிச்சுச் சொல்லுங்கம்மா."

யானை குனிந்து பரிவோடு பார்த்தது. "நான் கதிர்வீச்சை ஆய்வு செய்ய வரவில்லையம்மா. கதிர்வீச்சை ஆய்வு செய்கிறவர்கள் ஒழுங்காக எழுதுகிறார்களா என்று ஆய்வு செய்ய வந்திருக்கிறேன். நீ வெளியே இரு. எதையும் விடமாட்டேன்."

கொம்பி வெளியே வந்து ஜன்னல் ஓரம் நின்றது. யானை சொன்னபடியே எதையும் விடவில்லை.

"வேலியோரத்தில் பால் மாதிரி ஏன் எடுக்கவில்லை?"

"கறவை இல்லைம்மா."

"பால் இல்லையென்றால் அதே இடத்தில் அகல இலைகளைப் பறித்துச் சோதிக்க வேண்டுமே. இலை மாதிரி எங்கே?"

"இலை இல்லைம்மா. ஆடு தின்னுடுச்சு."

யானையின் காது விடைத்தது. "ஆடு இல்லை என்று முன்பக்கம் எழுதியிருக்கிறீர். ஆடு தின்றது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறீர்."

கொம்பி ஜன்னலுக்குள் கழுத்தை நீட்டியது. பிடித்துவிட்டாள் மகராசி!

"ஆடு இருக்கும்மா. கறவை ஆடுதான் இல்ல" என்றது நரி.

யானை இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. "அப்படியானால் அதைக் குறிப்புப் பத்தியில் எழுதியிருக்க வேண்டாமா? மாதிரி இல்லாமல் இருக்கலாம், காரணம் இல்லாமல் இருக்கக் கூடாது" என்று கடிந்துகொண்டது. நரி அங்கேயே எழுதியது. யானை பக்கத்தில் கையெழுத்துப் போட்டது. "சரி, ஒன்பதாம் நிலையத்துப் பால் எங்கே? அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று மணிக்குள் வராவிட்டால் திட்டம் தோல்வி என்று எழுதிவிடுவேன்."

"வந்துக்கிட்டே இருக்கும்மா" என்று நரி சொல்வது கேட்டது. அந்த நேரம் குட்டி பசியில் கத்தவே, கொம்பி புல்தரைக்குத் திரும்பிவிட்டது.

குட்டி இரண்டு வாய் குடித்திருக்காது. வேலியின் பின்கதவு வழியாக நரி மூச்சிரைக்க ஓடிவந்தது. கையில் ஒரு புட்டி.

"கொம்பியம்மா! தாயே! ஒரு புட்டி பால் குடு."

"நான்தான் கறவை இல்லையே?"

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்கலாமா? நீ கேட்டதுதானே இது? யானை அம்மா கையிலேயே நேராக் குடுத்துடுறேன்."

கொம்பி குட்டியை விலக்கிவிட்டுப் பாலைக் கொடுத்தது. புட்டியில் ஒட்டியிருந்த தாளில் '9' என்று எழுதியிருப்பதைப் பார்த்தது. யானை கேட்ட ஒன்பதாம் நிலையம் தான்தான் என்று அதற்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! கிழட்டு ஆட்காட்டியிடம் போய், "அண்ணே, நான் ஒரு நிலையம் அண்ணே" என்றது.

நரி நினைத்தது ஒன்று. யானை புட்டியைப் பார்க்கும், ஒரு தலையாட்டலோடு தாளில் குறித்துக்கொள்ளும், அதோடு முடியும் என்றுதான் நினைத்தது. யானையோ புட்டியை வாங்கி அரக்கு முத்திரை வைத்து, "இதை எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம்" என்று கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம் நரிக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி கடைசியில் ஆலமரத்தடியில் கூட்டம் போட்டு யானை முடிவைப் படித்தது. சிங்கராஜா நாற்காலியில் இருந்தார். கொம்பி முதல் வரிசையில் குட்டியோடு உட்கார்ந்திருந்தது.

"ஒன்று முதல் எட்டு வரையுள்ள நிலையங்களில், எடுத்த மாதிரிகளில் ஏதும் இல்லை, எடுக்காத மாதிரிகளுக்குக் காரணம் உண்டு. ஒன்பதாம் நிலையத்துப் பாலில் மட்டும்…" யானை நிறுத்தியது. "இருக்க வேண்டியதைப் போல நாற்பது மடங்கு."

நரி கண்ணை மூடிக்கொண்டது. கொம்பி எழுந்து நின்றது.

"அது என் பாலும்மா!"

யானை தாளைப் பார்த்தது. "ஒன்பதாம் நிலையம் வெள்ளிமேட்டு மலை. இங்கிருந்து முப்பது மைல். நிலையத்துக் காற்று எட்டாத தூரம் என்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அங்கே பால் எடுக்கிறார்கள். நீ வெள்ளிமேட்டிலா இருக்கிறாய்?"

"இல்லம்மா. இங்கதான், வேலியோரம்."

"அப்படியானால் அது உன் பால் இல்லை. கவலைப்படாமல் வீட்டுக்குப் போ."

"புட்டியில அடைச்சது நான்தான்! ஆபீசர்தான் வந்து வாங்கிட்டுப் போனாரு!"

"முத்திரை உடையவில்லையம்மா. நானே வைத்த முத்திரை" என்றது யானை. அதன் குரலில் துளியும் பொய் இல்லை.

நரி மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு இன்னொன்றையும் திறந்தது. "மகாராஜா, முப்பது மைல் தள்ளி நாற்பது மடங்கு. வேலியோரத்துல ஒண்ணுமே இல்ல. அப்படின்னா நம்ம நிலையம் இந்தச் சுற்றுப்புறத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"அப்படிக் கொள்ள இடமிருக்கிறது" என்று யானை தயக்கத்தோடு ஒப்புக்கொண்டது. எண்கள் அப்படித்தான் சொல்லின.

சிங்கராஜா அங்கேயே ஆணை பிறப்பித்தார். வெள்ளிமேட்டு மலையில் அபாயப் பலகை நட வேண்டியது. அங்குள்ள பிராணிகள் அனைத்தையும் அவற்றின் நலன் கருதி வேலியோரத்தில் குடியமர்த்த வேண்டியது. "வெள்ளிமேட்டுல ஒண்ணுமில்ல! அது சுத்தமான மலை!" என்று ஆட்காட்டி கத்தியது. இருபது வருஷமாக ஆபத்து இருக்கிறது என்று சொன்னதற்காக வழக்குப் போட்டவர்கள், ஆபத்து இல்லை என்று சொன்னதற்காகப் பதினெட்டாவது வழக்கைப் போட்டார்கள்.

கூட்டம் கலைந்து வரும்போது ஆமை அண்ணாச்சி எதிரே வந்தது. மாதிரி சேகரிக்கும் வேலை அதனுடையது. அப்பா செத்ததால் கருணை அடிப்படையில் கிடைத்தது. முதுகில் ஒரு கலயம் கட்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி அது?"

"ஒன்பதாம் நிலையத்துப் பாலு. ஆடியில கெளம்புனேன், இப்பத்தான் வந்து சேர்ந்தேன். தயிராப் போச்சு."

"அதைத்தான் சோதிச்சாச்சாமே. இனி எங்க கொண்டு போறீங்க?"

"என்னிக்குச் சோதிச்சாங்க? எப்பவும் ஆபீசர் வீட்டுக்குத்தான் போகும். எட்டு வருசமா அவரு புள்ளைக இதைத்தான் சாப்பிடுது. வேலியோரத்துல எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு அவரு சம்சாரம் ரொம்பக் கண்டிசன்."

பால் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை அலைச்சலும். பால் நாற்பது என்று சொல்லியாயிற்று. இனி யாரிடமும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அன்று மத்தியானமே கொம்பி குட்டியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமேட்டைப் பார்த்து நடந்தது.

வழியெல்லாம் மலைப் பிராணிகள் மூட்டை முடிச்சோடு எதிரே வந்துகொண்டிருந்தன. இரண்டு குட்டிகளோடு வந்த மலையாடு ஒன்றைக் கொம்பி மறித்தது.

"போகாதே தாயி. கெட்டது உன் மலை இல்ல. நான் இருந்த இடம்தான்."

"யானை அம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. சான்றிதழ் இருக்கு, முத்திரை இருக்கு. உங்கிட்ட என்ன இருக்கு?"

"மடி இருக்கு" என்றது கொம்பி.

மலையாடு அதை இரக்கத்தோடு பார்த்தது. பிறகு தன் குட்டிகளிடம், "பாவம், மலைப் பாலைக் குடிச்சுப் புத்தி பிசகிட்டா போல. தள்ளி வாங்கடா" என்று ஒதுங்கிப் போனது.

மூன்றாம் நாள் கொம்பி வெள்ளிமேட்டை அடைந்தது. அடிவாரத்தில் புத்தம்புதுப் பலகை நின்றது. 'அபாயம். இங்குள்ள புல், நீர், பால் எதையும் உட்கொள்ளாதீர்.' குட்டி பலகைக்கு அடியில் நுழைந்து துள்ளி ஓடியது. கொம்பியும் குனிந்து உள்ளே போனது. இடுப்புயரப் புல். மேயத்தான் ஒரு பிராணி இல்லை. புல்லுக்கு நடுவில், ஓடு வேய்ந்த ஒரு வீடு, சுண்ணாம்பின் ஈரம்கூட இன்னும் காயாமல் நின்றது. வாசலில் மூன்று நரிக் குட்டிகள் கட்டிப் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. நரியின் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது.

"வா கொம்பி, வா" என்றது அது, பழகிய பக்கத்து வீட்டுக்காரியைப்போல. "நீயும் பலகையைப் பாத்துட்டுத்தான் வந்தியா?"

"ஆபீசரய்யா இல்லையா?"

"அவருக்கு வேலை அங்கதானே. சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு." நரியின் மனைவி கொம்பியின் மடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டது. "இப்பத்தைக்கு உன் பாலு வேண்டாம். ஒரு மாசம் இந்தப் புல்லை மேஞ்சேன்னா சரியாப் போயிடும்னு அவரு சொல்லியிருக்காரு. அப்புறம் என் பிள்ளைகளுக்கும் ஒரு உழக்கு ஊத்து. மலையாடெல்லாம் போனதுலேர்ந்து தயிர் இல்லாம வாடிப் போச்சுக."

அந்த ஆண்டுப் பதிவேட்டில் ஒன்பதாம் நிலையத்துக்கு நேராக நரி இப்படி எழுதியது: 'பால் மாதிரி இல்லை. காரணம்: அப்பகுதியில் கறவை விலங்கு ஏதும் இல்லை.' யானை பக்கத்தில் கையெழுத்துப் போட்டது.

நீதி: பால் கெட்டுவிட்டால் பாலை மாற்ற வேண்டியதில்லை, புட்டியில் ஊரை மாற்றினால் போதும். நல்ல ஊர் எதுவென்று தெரியாதவர்கள் அபாயப் பலகையைத் தேடிப் போகவும்.