வியர்வைச் சோதனை

மனிதன் சக்கரம் செய்தான். அதற்குப் பிறகு அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் நலத்துறையின் 'வியர்வைச் சோதனை'தான். வீட்டில் புழுக்கம் தாங்கவில்லை என்று இலவச ஏசி கேட்பவரின் நெற்றியில் வெள்ளைத் துணியை ஒற்ற வேண்டும். நனைந்தால் ஏசி. நனையாவிட்டால் அவர் 'சுகவாசி'. சிபாரிசு, சிணுங்கல் எதுவும் செல்லாது.

இச்சோதனையில் பழம் தின்று கொட்டை போட்டவர் நம் ஆய்வாளர். அன்று மூன்று மாடி ஏறி வந்ததிலேயே தொப்பலாக நனைந்திருந்தார். கடமையுணர்ச்சி என்றால் சும்மாவா! மொட்டைமாடிக்கு நேர் கீழே ஒற்றை அறை; அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சக்கர நாற்காலியில் பெயிண்டர். சாரம் சரிந்து விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் போனவர். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு.

"ஈரமா இருக்கே! சோதனையைக் கெடுத்துடும்" என்று துண்டை உருவிக்கொண்டார் ஆய்வாளர். பிறகு நெற்றியில் துணியை ஒற்றினார். துணி காய்ந்தபடியே இருந்தது.

"ஒரு சொட்டு இல்ல. வாழ்த்துகள்!"

"ஐயோ, அவருக்கு வேர்க்காது சார்!" என்றாள் பெயிண்டரின் மனைவி. "அடிபட்டதிலேர்ந்து அப்படித்தான். சூடு உள்ளேயே ஏறிக்கிட்டுப் போகுது. நேத்து மயங்கிட்டாரு. எனக்கு உசுரே போயிடுச்சு."

"வேர்க்காதா? கொடுத்து வச்சவரும்மா! என்னைப் பாருங்க, ஊத்துது."

"வேர்த்தா உடம்பு ஆறிடும் சார்" என்றார் பெயிண்டர், கம்மிய குரலில். "எனக்கு அந்த வசதி இல்ல."

"அதுக்காக? வேர்க்காதவருக்கு ஏசி குடுத்தா, வேர்க்கிறவங்க என் சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா?"

தம் நியாயத்தின் கனம் தாங்காமல் ஆய்வாளருக்கு மேலும் வியர்த்தது. கையிலிருந்த துண்டால் முகம், பிடரி, கக்கம் எல்லாம் அழுத்தித் துடைத்தார். அப்பாடா, என்ன குளிர்ச்சி! அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அறையை ஒருமுறை கருணையோடு பார்த்தார்.

"இந்த அறைக்கு என்ன குறைச்சல்? ஜில்லுனு இருக்கு" என்று தீர்ப்பளித்தார். மனசாட்சிக்கு விரோதமாக அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போதும் பேசவில்லை, உண்மையிலேயே ஜில்லென்றுதான் இருந்தது.

வாசலைத் தாண்டப் போனவரை மனைவி ஓடி வந்து மறித்தாள்.

"உங்க ஏசி வேண்டாம் சார். எங்க ஏசியைக் குடுத்துட்டுப் போங்க."

"உங்ககிட்ட ஏதும்மா ஏசி?"

"உங்க கழுத்துல கிடக்கே, அதுதான்."